சந்தனையின் விலங்கு

பகவான் மகாவீரரின் வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது சந்தனையின் கதையையும் சேர்த்துச் சொல்வது நம் இல்லங்களில் வழக்கம். ஸ்ரீபுராணம் வாசிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் பாட்டிமார் வாயிலாகவே இக்கதை பேரக் குழந்தைகளை அடைந்துவிடுகிறது. ஆயினும் பெரும்பாலும் நாம் அதை முடிவிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். பகவான் ஆகாரம் ஏற்க எழுந்தருளினார், விலங்கு தானே அறுந்தது, மண்சட்டி பொற்கலமாயிற்று என்று மூன்று வாக்கியங்களில் கதை முடிந்துவிடும். குழந்தையும் கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விதிகளுள் ஒன்று, வியப்பைத் தரும் பகுதியைப் பாடத்தின் தொடக்கத்திலேயே செலவிட்டுவிடக் கூடாது என்பது. விலங்கு அறுந்தது என்றால், அதற்கு முன் விலங்கு பூட்டியவர் யார், எந்த வீட்டில், எதற்காக, எத்தனை பேர் பார்த்திருக்கப் பூட்டினார் என்பதெல்லாம் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத குழந்தைக்கு அறுந்த விலங்கு வெறும் கண்கட்டு வித்தையாகத்தான் தோன்றும். ஆகவே இந்தப் பாடத்தில் கதையை அதன் தொடக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

நம் திகம்பர மரபில் இவ்வரலாற்றுக்கு ஆதாரம் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த குணபத்திர ஆசாரியரின் உத்தர புராணம். வைசாலி நகரத்து அரசன் சேடகனுக்குப் பெண்மக்கள் எழுவர். மூத்தவள் பிரியகாரிணி, திரிசலை என்னும் பெயராலும் வழங்கப்படும் அவளே பகவானின் தாயார். அடுத்தவள் மிருகாவதி, கௌசாம்பி மன்னன் சதானீகனுக்கு மாலையிட்டவள். சேலினி, சிரேணிக மகாராஜனின் தேவியானவள். கடைக்குட்டிதான் சந்தனை. உறவுமுறையில் அவள் மகாவீரருக்குச் சிறிய தாயார் ஆகிறாள். வடநாட்டில் இவளைச் சந்தனபாலா என்று அழைப்பார்கள். பாலா என்றால் இளம்பெண், சிறுமி. அவள் தவத்தில் மூத்துச் சங்கத்தின் தலைமையில் அமர்ந்த பின்னும் மக்கள் அவளைச் சிறுமி என்றே அழைத்து வந்திருக்கிறார்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த சந்தனையை ஒரு வித்தியாதரன் கண்டான். கண்டதும் கவர்ந்துகொண்டு வான்வழியே சென்றான். பின்னர்த் தன் மனைவிக்கு அஞ்சி நடுக்காட்டில் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டான். கவர்ந்து சென்றவனுக்கு அச்சம் வந்தபோதும் அவளைத் தந்தையின் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்று தோன்றவில்லை. காட்டில் வேடன் ஒருவன் அவளைக் கண்டு தன் தலைவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தத் தலைவனுக்குத் தவறான எண்ணம் எழுந்தது. அவனைத் தடுத்தவள் அவனுடைய தாய். எழுத்தறியாத காட்டுவாசியாகிய அந்த முதியவளின் பெயரைக்கூட நாம் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் இக்கதையில் சந்தனைக்காக முதன்முதல் வாய் திறந்து பேசியவள் அவள்தான். குழந்தைகளுக்குச் சொல்லும்போது அவளை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

வேடர் தலைவனிடமிருந்து சந்தனை கைமாறிக் கௌசாம்பி நகரத்து வணிகன் விருஷபசேனனின் வீட்டை அடைந்தாள். இக்காலத்துப் பிரயாகைக்கு அருகே யமுனைக் கரையில் இருந்த பெருநகரம் கௌசாம்பி. செல்வம் கொழித்த வணிகர் வீதி. விருஷபசேனனும் கெட்டவன் அல்லன். அவளைத் தன் மகள் போலவே நடத்தினான் என்றே மரபு கூறுகிறது. ஆனால் அவன் மனைவிக்கு ஐயம் வந்தது. இவளுடைய அழகு நாளை நம் இடத்தைப் பறித்துவிடும் என்று எண்ணினாள். அந்த எண்ணம் வந்த நாள் முதல் சந்தனையின் கால்களில் விலங்கு. ஒரு மண்சட்டியில் காடிக் கஞ்சி கலந்த வரகுச் சோறு. அதுவே அவளுக்கு அன்றாட உணவு. அடியும் ஏச்சும் வேறு. வரகு என்றால் இன்று மருத்துவர் எழுதிக்கொடுத்து நாம் விலை கொடுத்து வாங்கும் தானியம் என்று குழந்தைகள் எண்ணிக்கொள்வார்கள். சாலி நெல் விளைந்த அந்த நாட்டில், செல்வர் வீட்டில், வரகு யாருக்குப் போடப்பட்டது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தியபோது ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, “பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் கேட்கவில்லை?” என்று வினவினாள். நியாயமான கேள்வி. வணிகர் வீதியில் வீடுகள் நெருங்கித்தான் இருந்திருக்கும். இரும்புச் சங்கிலி இழுபடும் ஓசை சுவரைக் கடந்து கேட்கும். அதே நகரத்தின் அரண்மனையில் சந்தனையின் உடன்பிறந்த அக்கை மிருகாவதி பட்டத்தரசியாக வீற்றிருந்தாள். ஒரே ஊர், தங்கை விலங்கில், அக்கை அரியணையில். அரசிக்குச் செய்தி போகவில்லை. வணிகர் வீட்டில் வேலைக்காக வாங்கப்பட்ட பெண் யார், எந்த ஊரினள், யார் பெற்ற மகள் என்று கேட்கும் வழக்கமே அந்த ஊரில் இல்லை என்பதுதான் அச்சிறுமிக்கு நான் சொன்ன விடை. இன்றும் அதைக் காட்டிலும் நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை.

பகவான் அப்போது துறவு பூண்டு, கேவல ஞானம் எய்துவதற்கு முன்னர்ப் பன்னிரண்டு ஆண்டுத் தவம் இயற்றிக்கொண்டிருந்தார். ஆகாரம் ஏற்கும் பொருட்டு ஒரு நாள் அவ்வீதி வழியே எழுந்தருளினார். முனிவரை எதிர்கொண்டு அழைத்தல், உயர்ந்த இடம் அளித்தல், திருவடி விளக்குதல் முதலாக ஆகார தானத்துக்கு ஒன்பது வகை முறைகள் உண்டென்பதை நாம் அறிவோம். காலில் விலங்கு பூண்டவளால் எதிர்கொண்டு செல்வதெப்படி? கையில் இருப்பதோ வரகுக் கஞ்சி. ஆயினும் அவள் பகவானைக் கண்டதும் எதிர்கொள்ள எழுந்து நடந்தாள். அப்போதுதான் விலங்குகள் அறுந்தன. இந்த வரிசை முறை மிகவும் முக்கியம். விலங்கு அறுந்தது, அதனால் எழுந்தாள் என்று சொல்லிவிடக் கூடாது. அவள் எழுந்தாள், பின்னர் விலங்கு அறுந்தது. மண்சட்டி பொன்னாயிற்று, வரகு சாலியன்னமாயிற்று, ஐவகை வியப்புகளும் நிகழ்ந்தன. ஆரவாரம் கேட்டு வந்த மிருகாவதி தங்கையை அடையாளம் கண்டாள்.

சுவேதாம்பர மரபில் இக்கதை சற்றே வேறுபடும். அங்கே அவள் சம்பா நகரத்து அரசன் ததிவாகனனின் மகள், பெயர் வசுமதி. கௌசாம்பி மன்னனின் படையெடுப்பில் நகரம் சூறையாடப்பட, பிடிபட்ட சிறுமி கடைத்தெருவில் விலைக்கு விற்கப்படுகிறாள். வாங்கிய வணிகனின் மனைவி அவள் தலையை மழித்து, காலில் தளையிட்டு அடைத்துவைக்கிறாள். பகவானோ, அடிமையாக்கப்பட்ட அரசகுமாரி ஒருத்தி, தளை பூண்ட காலோடு, முறத்தில் வைத்த உளுந்தைக் கண்ணீர் மல்க அளித்தால் அன்றி உணவு ஏற்பதில்லை என்னும் உறுதியோடு ஐந்து மாதத்துக்கும் மேலாக உண்ணாமல் இருக்கிறார். எந்த மரபு சரி என்று வழக்காடுவது இந்தப் பாடத்தின் நோக்கமன்று. இரு மரபும் ஒன்றுபடும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வோம். சிறுமி கடத்தப்பட்டாள், கைமாறினாள், நல்லவன் எனப்பட்ட ஒரு வணிகனின் வீட்டில் தளை பூட்டப்பட்டாள், நகரத்தில் எத்தனையோ மாளிகைகளில் அறுசுவை உணவு காத்திருக்க, பகவான் அவள் கையிலிருந்தே உணவு ஏற்றார்.

இனி நூற்பகுதிக்கு வருவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரக்கூடிய அதிசாரங்களை, அதாவது விரதத்தை முறிக்காமலே மாசுபடுத்தும் குற்றங்களை, ஐந்தாகக் கூறியிருக்கிறார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் ஆகியவை அவை. இவற்றை நாம் பெரும்பாலும் மாடு, குதிரை முதலிய கால்நடைகளுக்கு உரியவையாகவே படித்து வந்திருக்கிறோம். நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். இப்போது சந்தனையின் நிலையை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டிவைத்தல் உண்டு. அடித்தல் உண்டு. உணவுத் தடை உண்டு. மற்றொரு மரபில் தலை மழித்தலும் உண்டு. ஓர் உயிரும் கொல்லப்படவில்லை. அந்த வணிகனின் மனைவியிடம், “நீ கொல்லாமை விரதத்தை மீறினாய்” என்று சொன்னால், “நான் யாரைக் கொன்றேன்?” என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடையாகவே ஆசாரியர் அதிசாரங்களை வகுத்துவைத்தார் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அதே அத்தியாயத்தில் சற்றுத் தள்ளி, நம்மைத் தயங்கவைக்கும் ஓர் இடமும் உண்டு. அதை மறைத்துப் பாடம் நடத்துவது முறையாகாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில், இல்லறத்தான் அளவு வரையறுத்துக்கொள்ள வேண்டிய உடைமைகளின் வரிசையில் நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், ஆடுமாடும் தானியமும் வருகின்றன. அவற்றோடு தாசியும் தாசனும் வருகிறார்கள். ஆணடிமையும் பெண்ணடிமையும் உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். அளவு மீறாதே என்பது கட்டளை. வைத்திருக்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை.

மேனிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பேரனோ பேத்தியோ இதைப் படித்துவிட்டு வந்து, “நம் சமயம் அடிமை முறையை ஏற்றுக்கொண்டதா?” என்று கேட்டால் என்ன சொல்வது? உலகம் முழுவதும் அடிமைகள் இருந்த காலத்தில், இல்லறத்தானின் வீட்டில் உள்ளதை உள்ளவாறே எண்ணி, அதைக் குறைத்துக்கொண்டே போ என்று ஆசாரியர் வழிகாட்டினார் என்பது ஒரு விடை. அதில் உண்மை உண்டு. ஆயினும் அதோடு நிறைவடைந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தனையும் விருஷபசேனனின் உடைமைக் கணக்கில் ஒரு தாசியாகத்தான் இருந்திருப்பாள். அளவுக்குட்பட்ட ஒரே ஒரு தாசி. அளவு மீறவில்லை என்பதனால் விலங்கு இலேசாகிவிடாது.

வேறு ஆசாரியர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். சமந்தபத்திர சுவாமி இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதே விரதத்துக்கு வேறு ஐந்து அதிசாரங்களைக் கூறியிருக்கிறார். அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை, அளவுக்கு மீறிப் பாரம் சுமத்தல் என்பன அவை. இங்கே உடைமைப் பட்டியலே இல்லை. பொருளாசை எப்படிப் பிற உயிரின் முதுகில் ஏறுகிறது என்பதைத்தான் முதலும் முடிவுமாக அவர் வைத்திருக்கிறார். இந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு தமிழில் நமக்குக் கிடைத்த பெரும்பேறு; நூற்றெண்பது குறள் வெண்பாக்களை உடைய அச்சிறு நூலை வீட்டில் வைத்திருப்போர் இந்தப் பகுதியை எடுத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திராசாரியர், சிராவகன் செய்யக் கூடாத பதினைந்து தொழில்களுள் கேசவாணிபம் என்பதையும் வைத்தார். முடியுள்ள உயிர்களை, அதாவது கால்நடைகளையும் மனிதர்களையும் விலைக்கு வாங்கி விற்கும் வாணிபம் அது. வைத்திருப்பதில் அளவு என்பதிலிருந்து, விற்றலே கூடாது என்பது வரை நம் முன்னோரின் சிந்தனை நடந்து வந்திருக்கிறது. மீதி வழியை நாம் நடக்க வேண்டும்.

இதெல்லாம் வைசாலியிலும் கௌசாம்பியிலும் நடந்த பழங்கதை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நான் வாழும் கோட்டாற்றைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு வயல்களில் அடிமைகள் உழுது நட்டு அறுத்த காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டிலிருந்து கிடைத்த பழைய ஓலைகளில் நில விற்பனை, வரி, வழக்கு ஆகியவற்றோடு அடிமைகளை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. கோட்டாற்றுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவ்வோலைகளை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர். திருவிதாங்கூரில் ஆளை விற்கலாம், ஒற்றிக்கு வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். நிலத்துக்கு என்னென்ன சொற்களோ, அதே சொற்கள் மனிதனுக்கும். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்தோர் 1,64,864 பேர். நாட்டின் மொத்த மக்கள் தொகையே பதின்மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டுப் பேருக்கு ஒருவர்.

1812இல் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில் அடிமை வாணிபத்துக்குத் தடை வந்தது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த பயிர்த்தொழில் அடிமைகளுக்கு அத்தடை பொருந்தவில்லை. நாஞ்சில் நாட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் அத்தகையோர்தாம். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் 1843இல் சட்டம் வந்த பின்னும் சமஸ்தானத்தில் நிலைமை மாறவில்லை. 1847இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் முதலிய மிஷனரிமார் உத்திரம் திருநாள் மன்னருக்கு விண்ணப்பம் செய்தனர். 1853இல் ஓர் அரசாணை பிறந்தது: அரசுக்குரிய அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெற்றவர்கள். 1855இல்தான் மற்றவர்களுக்கும் விடுதலை கிட்டியது.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தாய் அடிமை, மடியில் கிடக்கும் பிள்ளை விடுதலை பெற்ற உயிர். அந்தப் பிள்ளைக்கு முன்னர்ப் பிறந்து வயல் வரப்பில் நிற்கும் அண்ணனும் அடிமை. ஒரே குடிசைக்குள் இப்படி ஒரு கோடு. அரசாணை எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். உடைமை பறிபோகிறது என்று உடையவர் கூச்சலிடாதவாறு மெல்ல மெல்லச் செய்யலாம் என்று எண்ணியிருப்பார்கள். அளவு குறைத்துக்கொள் என்னும் வழியில் உள்ள இடர்ப்பாடு இதுதான். குறைத்துக்கொண்டு வரும் காலத்தில் எஞ்சியிருப்போரின் கதி என்ன?

அரசாணை வரும் வரை காத்திராமல் விடுதலை தேடிக்கொண்ட சிறுமியரும் இங்கே இருந்தனர். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னும் தொழிலைக் கற்பித்தார். திண்டு போன்றதொரு மெத்தையின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்ணிய வேலை அது. அப்பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக்கொண்டு, தங்களுக்கு உடையவர்கள் வைத்த விலையைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். தன்னைத் தானே விலைக்கு வாங்கிய சிறுமி! சமய வேறுபாடு கருதி இதைச் சொல்லாமல் விடுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அனேகாந்தம் கற்றவர்கள், பிறர் வீட்டில் ஏற்றிய விளக்கையும் விளக்கு என்றே சொல்ல வேண்டும்.

அண்டை நாட்டில் நம் காலத்திலேயே நடந்த ஒன்றையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பாகிஸ்தானில் லாகூருக்கு அருகே முரீத்கே என்னும் ஊரில் 1983இல் பிறந்தவன் இக்பால் மசீ. குடும்பம் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்காக நான்கு வயதில் கம்பளத் தறியில் அமர்த்தப்பட்டான். தப்பி ஓடாமலிருக்கத் தறியோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டான். கடனோ நாளுக்கு நாள் ஏறியதே அன்றிக் குறையவில்லை. ஒருமுறை தப்பிச் சென்று காவல் துறையிடம் முறையிட்டான். அவர்கள் அவனைத் திரும்ப அந்த முதலாளியிடமே ஒப்படைத்தார்கள். மறுபடியும் தப்பினான். கொத்தடிமை விடுதலை முன்னணி என்னும் அமைப்பாரின் துணையோடு விடுதலை பெற்றுப் பள்ளியில் சேர்ந்தான்; நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தான். மற்றக் குழந்தைகளின் விடுதலைக்காகக் கூட்டங்களில் பேசினான். 1994 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவனுக்கு விருது வழங்கப்பட்டது. 1995 ஏப்ரல் 16ஆம் நாள் தன் ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டான். வயது ஏறத்தாழப் பன்னிரண்டு. ஊட்டக் குறைவினாலும் ஓயாத வேலையினாலும் அவன் உடல் ஆறு வயதுக் குழந்தையின் உடல்போலவே இருந்தது. பாரம் ஏற்றுதலும் உணவைத் தடுத்தலும் அதிசாரம் என்று நாம் படித்தோமே, அவை இரண்டும் ஓர் உடலில் எழுதிவைத்த எழுத்து அது.

முதல் முறை தப்பியபோது அவனைத் திருப்பி ஒப்படைத்த காவலர்களைப் பற்றிப் பிள்ளைகள் கோபத்தோடு பேசுவார்கள். அந்தக் கோபம் நல்லதே. ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், வேலைக்கு வைத்த வீட்டிலிருந்து ஓடிவந்த சிறுமியை நம் தெருவில் கண்டால் நாம் முதலில் என்ன கேட்போம் என்றும் பேச வைக்க வேண்டும். “யார் வீட்டுப் பிள்ளை? அங்கேயே கொண்டுபோய் விடுவோம்” என்றுதானே நம்மில் பலருக்கு வாயில் வரும்?

இங்கே நம் குடும்பங்களைப் பற்றியும் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே தடை செய்யப்பட்டது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் அவ்வயதினரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போகத் தம் குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவுவது போன்ற சிலவே விலக்கு. இவ்வளவு இருந்தும், “ஏழைப் பிள்ளை, ஊரில் சோற்றுக்கு வழியில்லை, கூட்டி வந்து வீட்டில் வைத்திருக்கிறோம், நம் பிள்ளைபோலத்தான் வளர்க்கிறோம்” என்னும் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் நல்லவர்கள். பருவம் தவறாமல் நோன்பு நோற்பவர்கள். நிலத்தடியில் விளையும் கிழங்கையும் சூரியன் மறைந்த பின் உணவையும் தொடாதவர்கள். நம் பிள்ளைபோல என்றால், நம் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது? நம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு? விருஷபசேனனும் மகள்போலத்தான் வைத்திருந்தான். மகள்போல என்பதற்கும் மகள் என்பதற்கும் இடையே இருந்த சிறு இடைவெளியில்தான் விலங்கு நுழைந்தது.

இதைப் படிப்போர் சிலருக்கு வருத்தம் வரலாம். முகம் சுளிக்கட்டும், அதற்குப் பிறகு கணக்குப் பார்க்கட்டும். எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் குலத்தில் பிறந்த நமக்கு இந்தக் கணக்கு கடினமன்று. ஐயத்துக்கிடமான நிலையில் ஒரு குழந்தையை எங்கே கண்டாலும் 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்குச் சொன்னால் போதும். குழந்தைகளே அழைக்கலாம். இந்த எண்ணை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டும். பஞ்ச நமஸ்கார மந்திரத்தைக் கற்பிக்கும் வயதிலேயே கற்பித்துவிடலாம்.

மீண்டும் சந்தனைக்கு வருவோம். விலங்கு அறுந்ததோடு அவள் கதை முடிந்துவிட்டதாகப் பல வீடுகளில் எண்ணுகிறார்கள். உண்மையில் அவள் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அரண்மனை அவளுக்குத் திறந்திருந்தது, உடன்பிறந்தாள் அரசி, தந்தை அரசன். மணம் முடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். அவள் துறவைத் தேர்ந்தாள். பகவானின் சமவசரணத்தில் 36,000 ஆரியாங்கனைகளுக்குத் தலைவியாக வீற்றிருந்தாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக அவளே தேர்ந்துகொண்டது அதுதான். அதற்கு முன் நேர்ந்தவை எல்லாம் பிறர் எடுத்த முடிவுகள்: வித்தியாதரன், வேடன், வேடர் தலைவன், வணிகன், வணிகன் மனைவி. விடுதலை என்ற சொல்லுக்கு வகுப்பில் பொருள் சொல்லும்போது இதை எடுத்துக்காட்டாகத் தரலாம். கட்டு அறுவது அதில் பாதிதான். அதன் பின் எங்கே போவது என்று தானே முடிவு செய்வதே மறுபாதி.

அந்த வழியில் வந்த பெண் துறவியர் நம் தென்கோடியிலும் இருந்திருக்கிறார்கள். மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள சிதறால் மலை பழங்காலத்தில் திருச்சாரணத்து மலை. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி படாரரின் மாணவியாகிய குணந்தாங்கி குரத்திகள் பகவதிக்குப் பொன்னணிகள் அளித்ததைக் கூறுகிறது. கழுகுமலைப் பாறையிலும் குரத்தியர் பெயர்கள் பல உண்டு. குரத்தி என்றால் பெண் குரு. வல்லின ‘ற’ போட்டுக் குறத்தி என்று எழுதிவிடும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் திருத்தியதுண்டு. அச்சகத்தாரும் இதே பிழையைச் செய்வார்கள். கோட்டாற்றை ஒட்டிய நாகராஜா கோயிலின் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் காட்சி தருகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் நம் குருமாரின் பெயர்கள் இருக்கின்றன. விடுமுறையில் கன்னியாகுமரிக்கு வரும் நம் குடும்பங்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அரை நாள் ஒதுக்கிச் சிதறால் மலையில் ஏறிப் பிள்ளைகளுக்குக் குரத்தியரைப் பற்றிச் சொல்லலாம். ஏறுவதற்கு நல்ல பாதையும் இருக்கிறது.

வீட்டில் ஸ்வாத்யாயமாக இப்பாடத்தை நடத்துவோருக்குச் சில குறிப்புகள். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இக்பாலின் முடிவைச் சொல்ல வேண்டா. சந்தனையும் வேடன் தாயும் போதும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக்கொண்டு ஐந்து அதிசாரங்களையும் எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாம் தெருவிலும் கடையிலும் உணவு விடுதியிலும் கண்டதை எழுதச் சொல்லலாம். விடையைத் திருத்த வேண்டா. பெரியவர்கள் அதைப் படித்துப் பார்த்தால் போதும். தாசி, தாசன் பற்றிய கேள்வியை மேனிலை வகுப்புப் பிள்ளைகளிடம் நாமே எழுப்ப வேண்டும். அவர்கள் வேறெங்கோ படித்துவிட்டு வந்து கேட்கும் வரை காத்திருக்கலாகாது.

கதை சொல்லும் நாளில் வரகுக் கஞ்சி வைப்பது நான் கையாண்டு பலன் கண்ட முறை. ஒரு பங்கு வரகரிசிக்கு ஐந்தாறு பங்கு நீர் ஊற்றிக் குழைய வேகவிட வேண்டும். சந்தனைக்குக் கொடுத்தது புளித்த காடிக் கஞ்சி; இரவு வைத்துப் புளித்தது நமக்கு ஆகாது என்பதால் அன்றே வைத்ததைத்தான் கொடுக்க வேண்டும். உப்பில்லாமல், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், மண்சட்டி கிடைத்தால் மண்சட்டியில், சூரியன் மறைவதற்கு முன் ஆளுக்கு ஒரு கரண்டி. முதல் வாயிலேயே சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது வற்புறுத்தாமல், கதையைப் பூங்காவிலிருந்து தொடங்கலாம்.